1857: ஒரு கடிதம்கூட அனுப்பாமல் கிளம்பிய படை

நூலகப்பூச்சி:
அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி இங்கே பக்கம் பக்கமாகப் பேசியாகிவிட்டது. அதற்கு நாலு வருடம் முன்னால் அதே அமெரிக்க ராணுவம் தன் சொந்தக் குடிமக்களை நோக்கிப் படை நடத்திப் போன கதையை மட்டும் யாரும் தொடவில்லை. யூட்டா போர் என்று பெயர். 1857 கோடையில் ஆரம்பித்து அடுத்த கோடையில் முடிந்தது. இரண்டு படைகளும் எதிரெதிரே நின்று மோதிய சண்டை என்று ஒன்றுகூட இல்லை. ஆனாலும் நூற்றுக்கும் மேல் உயிர் போனது. போனவர்களில் பெரும்பாலோர் இரண்டு தரப்பிலும் சேராத வழிப்பயணிகள்.

பின்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1830-இல் ஜோசப் ஸ்மித் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய தனிக் கிறிஸ்தவப் பிரிவான மார்மன் சபை, போன இடமெல்லாம் அடிபட்டது. 1838 அக்டோபரில் மிசௌரி ஆளுநர் பாக்ஸ், மார்மன்களை ஒழித்துக்கட்ட வேண்டும், இல்லையென்றால் மாநிலத்தை விட்டே துரத்த வேண்டும் என்று எழுத்து மூலமாகவே ஆணை போட்டார். மூன்றே நாளில் ஹான்ஸ் மில் என்ற இடத்தில் 17 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்புறம் இல்லினாய் மாநிலத்தில் நாவூ என்று ஒரு ஊரையே கட்டி எழுப்பினார்கள். 1844 ஜூனில் ஜோசப் ஸ்மித்தையும் அண்ணன் ஹைரமையும் கார்த்தேஜ் சிறைக்குள் புகுந்து ஒரு கும்பல் கொன்றது. மிச்சமிருந்தவர்களில் பெரும்பகுதியினரை அடுத்த தலைவரான பிரிகம் யங் மேற்கே கூட்டிக்கொண்டு போனார். 1847 ஜூலை 24 அன்று அவர் இன்றைய யூட்டாவில் உள்ள சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தபோது அது மெக்சிகோ மண். அடுத்த வருடமே ஒப்பந்தத்தில் அமெரிக்காவிடம் வந்துவிட்டது. எந்த அரசை விட்டு ஓடினார்களோ அதே அரசு ஒரே வருடத்தில் பின்னாலேயே வந்து நின்றது.

பத்து வருடம் கழித்து, அதே ஜூலை 24. பிக் காட்டன்வுட் பள்ளத்தாக்கின் உச்சியில் சுமார் 2,500 பேர் கூடாரம் போட்டுக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். நடுப்பகலில் சிலர் களைத்துப்போன நிலையில் வந்து இறங்கினார்கள். ஆபிரகாம் ஸ்மூட், போர்ட்டர் ராக்வெல், ஜட்சன் ஸ்டாடர்ட். கிழக்கேயிருந்து வந்த அவர்கள் சொன்னது: தபால் ஒப்பந்தத்தை அரசு ரத்து செய்துவிட்டது, ராணுவம் இந்தப் பக்கம் கிளம்பிவிட்டது.

என் வாதம் இதுதான். யூட்டா அப்போது மாநிலம் இல்லை, ஆளுநரையும் நீதிபதிகளையும் வாஷிங்டன் நியமிக்கும் ஒரு பிரதேசம். யங் அதன் சட்டப்படியான ஆளுநர். உங்களை மாற்றுகிறோம், புது ஆளுநர் ஆல்ஃப்ரெட் கமிங் வருகிறார், துணைக்குப் படை வருகிறது என்று ஜனாதிபதி புக்கானன் அவருக்கு ஒரு வரி எழுதவில்லை. தபாலையும் நிறுத்தினார். 1838-ஐ நேரில் பார்த்த ஜனங்களிடம், ஏன் என்று சொல்லாமல் ஒரு ராணுவத்தை அனுப்பினால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? பாதிக் கேடு அந்த மௌனத்தால் வந்தது என்பேன்.

ஒற்றைக்கோடு:
நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் தராசு ஒரு பக்கம் சாய்கிறது. பிரிகம் யங் வெறும் ஆளுநர் இல்லை. சபைத் தலைவர் அவர்தான். பழங்குடி விவகாரக் கண்காணிப்பாளரும் அவர்தான். நாவூ லீஜன் என்ற ஊர்ப்படை அவர் சொல் கேட்டது. அரசு நியமித்த நீதிபதிகளை ஓரங்கட்ட, உள்ளூர் உயில் நீதிமன்றங்களுக்கே குற்ற வழக்கை விசாரிக்கும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டார்கள். 1856 கடைசியில் நீதிபதி ஸ்டைல்ஸின் அலுவலகத்துக்குள் ஆட்கள் புகுந்து அவருடைய சட்டப் புத்தகங்களையும் தாள்களையும் அள்ளிக்கொண்டு போய் எரித்தார்கள். இப்படி ஒரு பிரதேசத்தை வாஷிங்டன் கண்டும் காணாமல் விட்டிருக்க வேண்டுமா?

1856-57 சமயத்தில் சபைக்குள் 'சீர்திருத்தம்' என்று ஒரு அலை வேறு. வீடு வீடாகப் போய்ப் பாவங்களைக் கேள்வி கேட்பது, எல்லோருக்கும் மறு ஞானஸ்நானம், மேடையில் ரத்தம் சிந்தும் பேச்சு. அதை யாரும் வெளியிலிருந்து திணிக்கவில்லை. படை கிளம்புவதற்கு முன்பே அங்கே காற்று சூடாகத்தான் இருந்தது.

கேள்விக்குறி:
எனக்கு ஒன்று புரியவில்லை. ஆளுநரை மாற்ற 2,500 சிப்பாய்கள் எதற்கு? அன்றைய அமெரிக்க ராணுவமே மொத்தம் பதினைந்து, பதினாறாயிரம் பேர்தானே?

நூலகப்பூச்சி:
சரியான கேள்வி. ஒற்றைக்கோடு சொன்ன புகார்கள் எல்லாம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் படையைக் கிளப்பியதில் பெரிய பங்கு நீதிபதி டிரம்மண்டின் ராஜினாமாக் கடிதத்துக்கு. 1857 மார்ச் 30 தேதியிட்டது. பிரதேச உச்ச நீதிமன்ற ஆவணங்களை யங்குக்குத் தெரிந்தே எரித்தார்கள், கொலைகள் நடந்தன, அங்கே இருப்பது கலகம் என்று பட்டியல் போட்டார். இந்த டிரம்மண்ட் எப்படிப்பட்டவர் என்றால், மனைவியை இல்லினாயில் விட்டுவிட்டு, வேறொரு பெண்ணைக் கூட்டி வந்து நீதிமன்ற மேடையிலேயே பக்கத்தில் உட்கார வைத்தவர். அவர் மார்மன்களின் பலதார மணத்தைப் பற்றி ஒழுக்கப் பாடம் எடுத்தார்! பிற்பாடு நேரில் வந்து பார்த்தபோது நீதிமன்ற ஆவணங்கள் பத்திரமாக இருந்தன. அதற்கு அப்புறம் வருகிறேன்.

மேற்கு வாசல்:
அரசியலையும் சேர்த்துப் பாருங்கள். 1852-இல் பலதார மணத்தைச் சபை வெளிப்படையாக அறிவித்தது. 1856 தேர்தலில் குடியரசுக் கட்சி தன் அறிக்கையில் அடிமைமுறையையும் பலதார மணத்தையும் காட்டுமிராண்டித்தனத்தின் இரட்டை மிச்சங்கள் என்று ஒரே வரியில் கோத்துவிட்டது. புக்கானன் ஜனநாயகக் கட்சி. ஒவ்வொரு பிரதேசமும் தன் உள்விவகாரத்தைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர்கள் கொள்கை. அடிமைமுறைக்கு அதைச் சொன்னால் பலதார மணத்துக்கும் அதே நியாயம் வருமே என்று எதிரிகள் மடக்கினார்கள். மார்மன்களை அடித்துக் காட்டினால்தான் அந்தப் பழி போகும்.

இன்னொன்று. முன்னாள் ஜனாதிபதி டைலரின் மகன் ராபர்ட் டைலர் 1857 ஏப்ரலில் புக்கானனுக்கு ஒரு கடிதம் எழுதினார். மார்மன்களுக்கு எதிராக ஒரு புனிதப் போர் கிளப்பினால் நாடு அடிமைமுறைச் சண்டையை மறந்துவிடும் என்பது அதன் சாரம். புக்கானன் அதைப் படித்துத்தான் முடிவெடுத்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரைச் சுற்றி இருந்தவர்கள் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு அது சாட்சி.

உப்பு ஏரி வாசி:
நான் யூட்டாவில் வேலை பார்க்கிறேன். இங்கே ஜூலை 24 இன்றும் மாநில விடுமுறை. ஊர்வலம், இரவில் வாணவேடிக்கை எல்லாம் உண்டு. ஆனால் பேச்செல்லாம் 1847 பற்றித்தான். 1857 பற்றி நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.

சால்ட் லேக் நகரிலிருந்து வடகிழக்கே வயோமிங் பக்கம் போனால் நெடுஞ்சாலை எக்கோ கேன்யன் வழியாகப் போகும். ஒரு பக்கம் செங்குத்தான செம்பாறை. அதன் மேல் ஊர்ப்படைக்காரர்கள் அடுக்கிய கல் தடுப்புகளில் சில இன்னும் இருக்கின்றன. கீழே நின்று பார்த்தால் ஒரு விஷயம் உடனே புரியும்: இந்த இடுக்கில் ஒரு படை மாட்டு வண்டிகளோடு வந்தால், மேலிருந்து கல்லை உருட்டிவிட்டாலே போதும்.

ஆனால் அவர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. ஊர்ப்படைத் தளபதி டேனியல் வெல்ஸ் அக்டோபர் தொடக்கத்தில் கொடுத்த உத்தரவு ராணுவத்தின் கையில் சிக்கியதால் நமக்குக் கிடைத்திருக்கிறது. கால்நடையைக் கலைத்துவிடு, வண்டிகளுக்குத் தீ வை, புல்லை எரி, ராத்திரி தூங்கவிடாதே, மரத்தை வெட்டிப் பாதையை அடை, ஆனால் உயிரை எடுக்காதே. லாட் ஸ்மித் என்பவர் சுமார் 40 பேரோடு போய் கிரீன் ரிவர் பக்கத்தில் மூன்று சரக்கு வரிசைகளைக் கொளுத்தினார். 70-க்கும் மேற்பட்ட வண்டிகள், அத்தனையும் ராணுவத்தின் குளிர்காலச் சாப்பாடு. கடவுளுக்காகவாவது வண்டிகளை எரிக்காதீர்கள் என்று வண்டித் தலைவர் ஒருவர் கெஞ்ச, கடவுளுக்காகத்தான் எரிக்கிறேன் என்று லாட் ஸ்மித் பதில் சொன்னாராம். அவரே பிற்பாடு சொன்னது. கொஞ்சம் மெருகேற்றியும் இருக்கலாம்.

கேள்விக்குறி:
அப்படியென்றால் சிப்பாய்கள் கதி?

மேற்கு வாசல்:
பரிதாபம். தளபதி ஆல்பர்ட் சிட்னி ஜான்ஸ்டன் வந்து சேர்ந்தபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஃபோர்ட் பிரிட்ஜரில் தங்கலாம் என்று பார்த்தால் அதையும் பக்கத்து ஃபோர்ட் சப்ளையையும் மார்மன்களே முன்னதாக எரித்துவிட்டார்கள். கடைசி 35 மைலைக் கடக்கப் படைக்கு 15 நாள் ஆனது. மாடும் கோவேறு கழுதையும் வழிநெடுகச் செத்து விழுந்தன. பின்னால் குதிரைப்படையோடு வந்த கர்னல் குக், ஏறக்குறைய பாதிக் குதிரைகளை இழந்தார். சாம்பலான கோட்டைக்குப் பக்கத்தில் கேம்ப் ஸ்காட் என்று கூடாரம் போட்டு, அரை வயிற்றுச் சாப்பாட்டில் குளிர்காலத்தைக் கழித்தார்கள். இழுக்க மாடு இல்லாததால் விறகு வண்டியைச் சிப்பாய்களே இழுத்தார்கள். உப்பு தீர்ந்துபோன சமயத்தில் பிரிகம் யங் உப்பு மூட்டைகளை அன்பளிப்பாக அனுப்பினார். கலகக்காரர்களிடம் எதையும் வாங்க மாட்டேன் என்று ஜான்ஸ்டன் திருப்பி அனுப்பினார். யங் அனுப்பியது இரக்கமா, கிண்டலா? என் ஓட்டு இரண்டாவதற்கு.

நூலகப்பூச்சி:
இந்தக் கதையில் சிரிக்க முடியாத பகுதிக்கு வருவோம். தெற்கு யூட்டாவில் மவுண்டன் மெடோஸ் என்ற புல்வெளி.

1857 ஆகஸ்டில் சபைத் தலைவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஏ. ஸ்மித் தெற்கு ஊர்களில் சுற்றி, படை வருகிறது, தானியத்தைப் பத்திரப்படுத்துங்கள், வழிப்போக்கருக்கு விற்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அதே பாதையில்தான் ஆர்கன்சாவிலிருந்து கலிஃபோர்னியா போகும் பேக்கர்-ஃபேன்ச்சர் குழு வந்தது. குடும்பம் குடும்பமாக, பெரிய மாட்டு மந்தையோடு. சபையின் அப்போஸ்தலர் பார்லி பிராட் அந்த மே மாதம்தான் ஆர்கன்சாவில் கொலையாகியிருந்தார். தானியம் கேட்டால் கிடைக்கவில்லை, வாய்த்தகராறு. வதந்திகள் முன்னே ஓடின: நீர்நிலையில் விஷம் வைத்தார்கள், ஜோசப் ஸ்மித்தைச் சுட்ட துப்பாக்கி எங்களிடம் இருக்கிறது என்று ஒருவன் பீற்றினான், கலிஃபோர்னியாவிலிருந்து படையோடு திரும்பி வருவார்களாம்.

செப்டம்பர் 7 அன்று தாக்குதல் தொடங்கியது. குழுவினர் வண்டிகளை வட்டமாக நிறுத்தி, குழி தோண்டி ஐந்து நாள் தாக்குப்பிடித்தார்கள். என்ன செய்யலாம் என்று கேட்டு சீடர் சிட்டியிலிருந்து ஜேம்ஸ் ஹாஸ்லம் குதிரையில் 250 மைல் தாண்டி யங்கிடம் போனார். அவர்களைப் போக விடுங்கள் என்ற பதிலோடு 13-ஆம் தேதி திரும்பினார். 11-ஆம் தேதியே எல்லாம் முடிந்திருந்தது.

அன்று ஊர்ப்படை அதிகாரிகளில் ஒருவரான ஜான் டி. லீ வெள்ளைக் கொடியோடு உள்ளே போனார். ஆயுதத்தைக் கொடுத்துவிடுங்கள், பத்திரமாகக் கூட்டிப்போகிறோம் என்றார். சின்னக் குழந்தைகளையும் காயம்பட்டவர்களையும் வண்டியில் முன்னால் ஏற்றினார்கள். அதற்குப் பின்னால் பெண்களும் வளர்ந்த பிள்ளைகளும் நடந்தார்கள். கடைசியில் ஆண்கள், ஒவ்வொருவர் பக்கத்திலும் துப்பாக்கியோடு ஒரு ஊர்ப்படைக்காரர். சைகை கிடைத்ததும் பக்கத்தில் நடந்தவர்களே சுட்டார்கள். சுமார் 120 பேர். ஏழு வயதுக்கு உட்பட்ட 17 குழந்தைகளை மட்டும் விட்டுவைத்தார்கள், வெளியே சொல்லத் தெரியாது என்று. அந்தக் குழந்தைகளை உள்ளூர் வீடுகளில் பிரித்துக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்துத்தான் அரசு அவர்களைத் தேடி எடுத்து ஆர்கன்சாவுக்கு அனுப்பியது.

போர் பயம் இல்லாத ஒரு வருடத்தில் இதே குழு இதே பாதையில் வந்திருந்தால் தானியம் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒற்றைக்கோடு:
இங்கேதான் நான் உங்களோடு முரண்படுகிறேன். பயத்தில் செய்தார்கள் என்றால் அது பதற்றத்தில் நடந்த காரியம்போலத் தொனிக்கிறது. நீங்களே ஐந்து நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாட்களில் கூட்டம் போட்டு ஆலோசித்தார்கள், மேலதிகாரி வில்லியம் டேமிடம் போனார்கள், ஆள் திரட்டினார்கள்.

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். முதல் தாக்குதலைப் பழங்குடியினர் செய்ததாகக் காட்டத்தான் திட்டம். நடுவில் உதவி தேடி வெளியே வந்த வில்லியம் ஏடன் என்ற இளைஞரை ஒரு வெள்ளைக்காரர் சுட்டுக் கொன்றார். கூட இருந்தவர் தப்பி வண்டிகளுக்கே திரும்பிவிட்டார். ஆக, தாக்குவது யார் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்தது சாட்சியை அழிக்கும் வேலை. வாஷிங்டன் கடிதம் எழுதாததற்கும் இதற்கும் முடிச்சுப் போட முடியாது. அக்டோபர், நவம்பரில் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ஏக்கன் குழு என்ற 6 பேரை ஒற்றர்கள் என்று பிடித்தார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். பயம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பயத்தைச் சிலர் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

வழிப்போக்கன்:
அந்தப் பகுதிப் பழங்குடியினரான பையூட் மக்களைப் பற்றி ஒரு வரி. கொலைக்குப் பிறகு பழி முழுவதையும் அவர்கள் தலையில் கட்டினார்கள். யங் வாஷிங்டனுக்கு அனுப்பிய அறிக்கையிலும் அப்படித்தான். அவர்களில் சிலரை லீயும் மற்றவர்களும் கூட்டிவந்து ஈடுபடுத்தினார்கள் என்றே ஆவணங்கள் சொல்கின்றன. பையூட் வாய்மொழி மரபில் பலர் அதையும் மறுக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் திட்டம் அவர்களுடையது இல்லை. ஆனால் 'இந்தியர் படுகொலை' என்ற பெயரை அவர்கள் சுமந்தார்கள். 2007-இல், 150-ஆம் ஆண்டு நினைவு நிகழ்ச்சியில், சபை வருத்தம் தெரிவித்தபோது பையூட்களையும் தனியாகக் குறிப்பிட்டது.

வடக்கே கதை வேறு மாதிரி. 1858 பிப்ரவரியில் இன்றைய ஐடஹோவில் இருந்த மார்மன் குடியிருப்பான ஃபோர்ட் லிம்ஹையை பேனாக், ஷோஷோனி பழங்குடி வீரர்கள் தாக்கினார்கள். நிலைமை முற்றினால் வடக்கே போய்விடலாம் என்று யங் வைத்திருந்த யோசனை அத்தோடு போனது.

உப்பு ஏரி வாசி:
அதனால்தான் எல்லோரும் தெற்கே நகர்ந்தார்கள். 1858 மார்ச் கடைசியில் யங் அறிவித்தார்: சண்டை வேண்டாம், ஊரைக் காலி செய்வோம், அவர்கள் குடியேற வந்தால் எரித்துவிட்டுப் போவோம். கிரைமியப் போரில் ரஷ்யர்கள் செவஸ்தபோலைக் கொளுத்திவிட்டுப் பின்வாங்கிய செய்தி அப்போது புதிது. அதனால் அதற்கு செவஸ்தபோல் திட்டம் என்றே பெயர் வைத்தார்கள். சால்ட் லேக் நகரிலிருந்தும் வடக்கு ஊர்களிலிருந்தும் சுமார் 30,000 பேர் புரோவோ பக்கம் போனார்கள். கோயிலுக்குப் போட்டிருந்த கல் அஸ்திவாரத்தை மண்ணால் மூடி, உழுத வயல் மாதிரி ஆக்கிவிட்டார்கள். வீடுகளில் வைக்கோலைக் குவித்து, பற்றவைக்கச் சில ஆட்களை மட்டும் ஊரில் விட்டார்கள். பலருக்கு வீடு வாசலை விட்டுப் போவது மூன்றாவது, நாலாவது தடவை. மிசௌரி, நாவூ, இப்போது இது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்போது சமாதானம் பாதி முடிந்திருந்தது. மார்மன்களுக்கு நெடுநாள் நண்பரான தாமஸ் கேன் பனாமா, கலிஃபோர்னியா வழியாகச் சுற்றி, டாக்டர் ஆஸ்பார்ன் என்ற புனைபெயரில் பிப்ரவரி கடைசியில் இங்கே வந்துவிட்டார். மார்ச்சில் பனியில் கேம்ப் ஸ்காட் போய், படை இல்லாமல் தனியாக வாருங்கள் என்று கமிங்கை இணங்க வைத்தார். எக்கோ கேன்யனை கமிங் ராத்திரியில் கடந்தார். வழியெல்லாம் தீ மூட்டி, ஊர்ப்படை அணிவகுத்து நின்றது. ஒரு இடத்தில் மரியாதை செய்த அதே ஆட்கள் இருட்டில் முன்னால் ஓடி அடுத்த தீயருகே நின்று மறுபடியும் மரியாதை செய்தார்கள் என்று இங்கே இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். ஏப்ரலில் ஊருக்கு வந்த கமிங்கை ஆளுநராக ஏற்றுக்கொண்டார்கள். எரித்ததாகச் சொன்ன நீதிமன்ற ஆவணங்களையும் எடுத்துக் காட்டினார்கள்.

நூலகப்பூச்சி:
அதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். 1858 ஏப்ரலில் ஒரு ஆள் தனியாக வந்து பார்த்ததை 1857 ஏப்ரலில் ஒரு ஆளை அனுப்பியே பார்த்திருக்கலாம்.

ஒற்றைக்கோடு:
அனுப்பினார்களே. கேப்டன் வான் வ்லீட் செப்டம்பர் 8 அன்றே தனியாக சால்ட் லேக் வந்தார், யங்கைச் சந்தித்தார், ஞாயிறு வழிபாட்டில் உட்கார்ந்தார். படைக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை என்றார். யங் மரியாதையாகக் கேட்டுவிட்டு, அவர் ஊரை விட்டுப் போன மறுநாளே, 15-ஆம் தேதி, ராணுவச் சட்டம் அறிவித்தார். பகைப்படை எங்களை அழிக்க வருகிறது என்று. ஆக, பேச ஆள் வந்தும் பயம் போகவில்லை. அல்லது போக விடவில்லை.

நூலகப்பூச்சி:
செப்டம்பரில் அவர் வந்தது ஆளுநரிடம் பேசுவதற்கு இல்லை, படைக்குத் தீவனமும் சரக்கும் வாங்க ஏற்பாடு செய்வதற்கு. கையில் ஜனாதிபதியின் கடிதம் எதுவும் இல்லை. பின்னால் படை ஏற்கெனவே பாதி வழி வந்திருந்தது. அதை எப்படிக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

கேள்விக்குறி:
கடைசியில் யார் ஜெயித்தார்கள்?

மேற்கு வாசல்:
யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கலகத்தில் சேர்ந்தவர்களுக்கு எல்லாம் மன்னிப்பு என்ற புக்கானனின் பிரகடனத்தை எடுத்துக்கொண்டு ஜூனில் இரண்டு தூதர்கள் வந்தார்கள். யங் வாங்கிக்கொண்டார், நாங்கள் வண்டி எரித்ததைத் தவிர வேறு என்ன செய்தோம் என்ற தோரணையில். ஜூன் 26 அன்று ராணுவம் காலியான சால்ட் லேக் நகரத்தின் வழியாக நிற்காமல் நடந்து போனது. அதில் கர்னல் குக் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி குதிரையில் போனார். 1846-இல் மெக்சிகோ போருக்குச் சுமார் 500 மார்மன்கள் சேர்ந்த படைப்பிரிவை கலிஃபோர்னியா வரை நடத்திப் போனவர் இவர்தான். அந்தப் பழைய சிப்பாய்களுக்காக அந்த மரியாதை.

படை நகரத்தில் தங்காமல் தென்மேற்கே சீடர் பள்ளத்தாக்கில் கேம்ப் ஃப்ளாய்ட் அமைத்தது. மார்மன்களை ஒழிக்க வந்ததாகப் பேசப்பட்ட படை, அவர்களிடமே தானியமும் மரமும் செங்கல்லும் காசு கொடுத்து வாங்கியது. 1861-இல் உள்நாட்டுப் போர் வந்து முகாமை மூடியபோது, பல லட்சம் டாலர் சரக்கு ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போனது. ஜான்ஸ்டன் தெற்குப் பக்கம் சேர்ந்து 1862-இல் ஷைலோவில் செத்தார். எரிந்த வண்டிகளின் சொந்தக்காரர்களான ரஸ்ஸல், மேஜர்ஸ், வாடல் நிறுவனத்துக்கு அரசு நஷ்டஈடு தரவில்லை. அவர்கள்தான் பிற்பாடு போனி எக்ஸ்பிரஸ் என்ற குதிரைத் தபாலை ஆரம்பித்து அதிலும் நொடித்தார்கள்.

ஒற்றைக்கோடு:
மன்னிப்பு விஷயத்தில் ஒரு திருத்தம் வேண்டும். அது கலகத்துக்கும் தேசத்துரோகத்துக்குமான மன்னிப்பு. 120 பேரைக் கொன்ற வழக்கு அதற்குள் வராது. 1859-இல் மேஜர் கார்ல்டன் அங்கே போனபோது எலும்புகள் வெட்டவெளியில் சிதறிக் கிடந்தன. அவர்தான் பொறுக்கிப் புதைத்துக் கற்குவியல் எழுப்பினார். வழக்கு நடந்தது 1870-களில். முதல் விசாரணையில் ஜூரிகளுக்குள் ஒத்துப்போகவில்லை. இரண்டாவதில் ஜான் டி. லீ குற்றவாளி என்று தீர்ப்பானது. 1877 மார்ச் 23 அன்று அதே மவுண்டன் மெடோஸில் அவரைச் சுட்டார்கள். மற்ற ஊர்ப்படைத் தலைவர்களான டேம், ஹெய்ட், ஹிக்பீ யாருக்கும் தண்டனை இல்லை. நூலகப்பூச்சி, பயம்தான் காரணம் என்றால் அந்தப் பயம் 1858 ஜூனிலேயே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் 19 வருடம் ஊரே வாயை மூடிக்கொண்டிருந்ததை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

நூலகப்பூச்சி:
அதை பயத்தின் கணக்கில் வைக்கவில்லை. அங்கே நீங்கள் சொல்வதுதான் சரி, அது மூடிமறைப்பு. ஆனால் கூட்டாட்சி அரசுக்கும் அதில் பங்கு உண்டு. 1859-இல் நீதிபதி கிரேடல்பா சிப்பாய்களோடு சீடர் சிட்டி போய் லீ, ஹெய்ட் முதலானவர்கள் மேல் கைது வாரண்ட் போட்டார். அவர்கள் மலைக்குள் ஓடிப் பதுங்கினார்கள். அந்தச் சமயம் பார்த்து, ஆளுநர் கேட்டால் ஒழிய நீதிபதிகளுக்குப் படையைத் துணைக்கு அனுப்பக் கூடாது என்று வாஷிங்டனிலிருந்து உத்தரவு வந்தது. கமிங் கேட்கவில்லை. சிப்பாய்கள் முகாமுக்குத் திரும்பினார்கள், வாரண்ட் தாளாகவே கிடந்தது.